சிவப்பு மேட்டுக் கோவில்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் எனக்கே பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை குலிகோவோ போர்க்களத்துக்குப் போய்வந்தேன். மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர், துலா மாகாணம். போர்க்களம் என்றதும் நீ ஏதோ கோட்டை கொத்தளம் என்று நினைப்பாய். ஒன்றுமில்லை, புல்வெளியும் வயலும்தான். 1380 செப்டம்பர் 8ஆம் தேதி, மாஸ்கோ இளவரசன் திமித்ரி தோன் நதியைத் தாண்டி வந்து, தங்கக் கூட்டத்தின் (ரஷ்யர்களிடம் கப்பம் வாங்கிவந்த மங்கோலிய அரசு அது) தளபதி மாமாயை இங்கே தோற்கடித்தான். அதனால்தான் அவனுக்குத் 'தோன்ஸ்கோய்' என்று பெயர். புறப்படுமுன் ராதோனெஜ் ஊர்த் துறவி செர்கியஸிடம் ஆசி வாங்கினான் என்பது வழிவழியாக வரும் கதை. மேட்டின் மேல் நிற்கும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் அந்தத் துறவியின் பெயரில்தான் இருக்கிறது.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது அது நிற்கும் இடம். போர் நடந்தபோது மாமாய் கூடாரம் போட்டிருந்தது இந்தச் சிவப்பு மேட்டில்தான் என்கிறார்கள். தோற்றவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஜெயித்தவர்களின் கோவில்! அதற்கு முன்பே, 1850இல், 28 மீட்டர் உயர வார்ப்பிரும்புத் தூண் ஒன்றை அங்கே நாட்டியிருக்கிறார்கள்.

தேவாலயத்தை வடிவமைத்தவர் அலெக்சேய் ஷூசெவ். 1913இல் வேலை தொடங்கியது. அடுத்த வருடமே உலகப்போர். இழுத்துப் பறித்து முடித்தபோது 1917 வந்துவிட்டது. அந்த வருடம் ரஷ்யாவில் புரட்சி வந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் பூட்டு, சிதிலம். அதே ஷூசெவ்தான் பிறகு செஞ்சதுக்கத்தில் லெனின் சமாதியைக் கட்டினார். துறவிக்கு ஒன்று, லெனினுக்கு ஒன்று. ஆள் மாறினாரா, காலம் மாறியதா என்று வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கட்டடம் அழகுதான். முகப்பில் இரண்டு கோபுரங்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒன்று போர்வீரனின் தலைக்கவசம் மாதிரி குவிந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு காவல்காரர்கள் தோளோடு தோள் நிற்பது போல. இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருந்தால் இந்த உயிர் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெற்றி என்கிறோம், ஆனால் இரண்டே வருடத்தில், 1382இல், அதே தங்கக் கூட்டத்தின் கான் தோக்தமிஷ் வந்து மாஸ்கோவைக் கொளுத்திவிட்டான். கப்பம் கட்டும் நுகத்தடி முழுதாகக் கழன்றது 1480இல்தான். 100 வருடம்! இருந்தும் மக்கள் நினைவில் நின்றது குலிகோவோதான். போரின் 600ஆம் ஆண்டை ஒட்டி, 1980இல், சோவியத் அரசே இந்தத் தேவாலயத்தைச் செப்பனிட்டு உள்ளே அருங்காட்சியகம் வைத்தது. இப்போது மறுபடியும் வழிபாடு நடக்கிறது. நான் போனபோது இரண்டு பாட்டிமார் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று அப்படி அடித்தது, தொப்பியைப் பிடித்துக்கொண்டேதான் நின்றேன்.

சரி, கை வலிக்கிறது. போட்டோக்களைத் தனியாக அனுப்புகிறேன். அடுத்த கோடையில் நீ வந்தால் சேர்ந்தே போவோம். மேடு ஏற முழங்கால் இடம் கொடுக்க வேண்டுமே, அதனால் தைலத்தை ஒழுங்காகத் தேய்.

உன் பழைய அறைத்தோழன்