பந்தைத் தட்டிவிட்ட கை

லிமரிக்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துவிட்டு எல்லோரையும் திட்டுகிறார் என்று எழுதியிருந்தாயே, அவர் குரல் காதில் கேட்டது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் குளிர் வந்தால் மக்கர் பண்ணுகிறது.

போன தடவை அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "சிவப்புச் சட்டை போட்டு எந்தக் கட்சியில் சேர்ந்தாய்?" என்று கேட்டிருந்தாய். கட்சி மாதிரிதான். மன்ஸ்டர் ரக்பி அணி. மன்ஸ்டர் என்பது அயர்லாந்தின் தென்மேற்கு மாகாணம், ஆறு கவுன்ட்டிகள் சேர்ந்தது. லிமரிக்கில் தோமண்ட் பார்க், கார்க்கில் மஸ்கிரேவ் பார்க் என்று அணிக்கு இரண்டு மைதானம். டப்ளினில் ரக்பி என்றால் பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. லிமரிக்கில் அது செல்லாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் டாக்டரும் ஒரே கிளப்பில் ஆடிய ஊர் இது.

வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை ஒரு மேட்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். நம் ஆளுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அதாவது எதிரணி செய்த தப்புக்காகக் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் வாய்ப்பு. அவன் பந்தை நிறுத்தி வைத்துவிட்டு நாலடி பின்னால் போனான். அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த சிப்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. முன் வரிசைப் பாட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நம் ஹாஸ்டல் வார்டன்கூட அப்படி முறைத்ததில்லை. மிச்சத்தை வாயிலேயே ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதைப்பவன் எதிரணிக்காரனாக இருந்தாலும் இங்கே இதே அமைதிதான்.

அந்தப் பெரியவர் 1978 மேட்சை நேரில் பார்த்தாராம். அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி அந்தச் சுற்றுப்பயணத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று நாலு நாட்டையும் அடித்தது. ஆனால் தோமண்ட் பார்க்கில் மன்ஸ்டரிடம் 12-0. ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஷேமஸ் டெனிசன் என்ற சின்ன உடம்புக்கார மன்ஸ்டர் வீரர், ஆல் பிளாக்ஸின் ஸ்டூ வில்சனை மோதிச் சாய்த்தார். அதிலேயே பாதி மேட்ச் முடிந்தது என்பார் பெரியவர். கிறிஸ்டி கான்டிலன் போட்ட டிரைக்கு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அந்தக் காலக் கணக்கில் 4 புள்ளி, மற்ற 8 புள்ளியும் டோனி வார்டின் காலிலிருந்து. நேரடி ஒளிபரப்பு கிடையாது. மைதானத்தில் இருந்தது சுமார் 12,000 பேர். நேரில் பார்த்தேன் என்று சொல்பவர்களை எண்ணினால் லட்சத்தைத் தாண்டும். நம்மவரும் அதில் ஒருவரோ என்று எனக்குச் சந்தேகம், கேட்கவில்லை. இன்னொன்றும் அன்று நடந்தது. மன்ஸ்டர் கேப்டன் டோனல் கானிஃபின் அப்பா அதே நாளில் இறந்துபோனார். மேட்ச் முடிந்த பிறகுதான் மகனுக்குச் செய்தி வந்தது.

சரி, கோப்பைக்கு வருகிறேன். 2000-இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஹைனக்கன் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் நார்தாம்டனிடம் 9-8 என்று ஒரே புள்ளியில் தோல்வி. கடைசியில் ரோனன் ஓ'காரா உதைத்த பெனால்டி கம்பத்துக்கு வெளியே போனது. 2002-இல் மறுபடியும் இறுதியாட்டம், லெஸ்டருடன். 15-9 என்று பின்தங்கியிருந்தாலும் கடைசி நிமிடங்களில் லெஸ்டர் கோட்டுக்குப் பக்கத்திலேயே மன்ஸ்டருக்கு ஸ்க்ரம், அதாவது இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் கோத்து முட்டித் தள்ள, நடுவில் பந்தை உருட்டிவிடும் கட்டம். ஒரு டிரையும், அதற்குப் பின் கிடைக்கும் உதையான கன்வர்ஷனும் போட்டால் கோப்பை. பீட்டர் ஸ்டிரிங்கர் பந்தை உள்ளே உருட்டப் போகிறார். லெஸ்டரின் நீல் பேக் கையை நீட்டி அதைத் தட்டிவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இங்கே பப்பில் அந்தப் பேரைச் சொன்னால் கிளாஸ் மேஜையில் கொஞ்சம் பலமாக இறங்கும்.

ஆனால் பார், 2003 ஜனவரியில் அதே கோப்பைக்காகக் குளோஸ்டரோடு ஆட்டம். அடுத்த சுற்றுக்குப் போக 27 புள்ளி வித்தியாசமும் நாலு டிரையும் வேண்டும். கடைசி கன்வர்ஷனை ஓ'காரா உள்ளே அனுப்பினார், 33-6. இம்மி பிசகாமல் 27. எனக்கு இதுதான் பிடித்த ஆட்டம், கோப்பைகளைவிட.

கோப்பை 2006-இல் கார்டிஃபில் வந்தது, பியாரிட்ஸை 23-19 என்று வென்று. அதிலும் ஒரு ஸ்க்ரம். எப்போதும் பந்தை எடுத்துப் பாஸ் கொடுக்கும் ஸ்டிரிங்கர், அன்று தானே எடுத்துக்கொண்டு காலியாகக் கிடந்த ஓரத்தில் ஓடி டிரை போட்டார். அதே ஆள், அதே கை. ஆட்டத்தின் நடுவில் மைதானத் திரையில் லிமரிக்கின் ஓ'கானல் தெருவைக் காட்டினார்கள், தெரு முழுக்கச் சிவப்பு. 2008-இல் துலூஸை 16-13 என்று வென்று இரண்டாவது கோப்பை.  2009-இலும் 2011-இலும் லீக் பட்டம். அப்புறம் வறட்சி, அடுத்தது 2023-இல்தான், கேப் டவுனில் ஸ்டார்மர்ஸை அவர்கள் மண்ணிலேயே 19-14 என்று வென்று.

2006-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஆன்டனி ஃபோலி. அவருடைய அப்பா பிரெண்டன் 1978 அணியில் ஆடியவர். 2016 அக்டோபரில், தலைமைப் பயிற்சியாளராகப் பாரிஸ் போன இடத்தில், ஃபோலி ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 42. ஆறு நாள் கழித்துக் கிளாஸ்கோவோடு தோமண்ட் பார்க்கில் ஆட்டம். அவருடைய 8-ஆம் எண் சட்டையை யாரும் போடவில்லை. முதல் பாதியிலேயே மன்ஸ்டர் வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. 14 பேராக ஆடி 38-17 என்று ஜெயித்தார்கள். முடிந்ததும் வீரர்கள் வட்டமாக நின்று பாடினார்கள், நடுவில் ஃபோலியின் இரண்டு பையன்கள். பெரியவர் அன்றைய பேச்சை எடுத்தால் பாதியில் நிறுத்திவிடுவார்.

நீ அடுத்த வருஷம் லண்டன் வேலையாக வந்தால் இங்கேயும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ. டிக்கெட் நான் எடுக்கிறேன். கொறிக்க வாழைப்பழம் வாங்கித் தருகிறேன், அது சத்தம் போடாது.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
14-ஆம் நம்பர் ரூம்காரன்