பலகையில் மழைக் கணக்குக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலையில் எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. சின்னக் காப்பித் தோட்டக்காரர்கள் அவரவர் சேதியை எழுதிவைக்கப் பொதுவில் மாட்டியது. யார் தோட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை, மிளகு என்ன விலைக்குப் போனது, பழம் பறிக்க ஆள் எங்கே கிடைக்கும் என்று ஆளாளுக்கு எழுதுவோம். 'மேலத்தோட்டத்தில் தண்டுத் துளைப்பான்' என்று ஒருவர் எழுதினால் போதும், மறுநாளே மற்றவர்கள் தங்கள் அராபிகா செடிகளின் தண்டைத் தடவிப் பார்ப்பார்கள். தண்டுத் துளைப்பான் ஒரு வண்டு; அதன் புழுதான் தண்டைக் குடையும். புழு குடைந்த இடத்தில் பட்டை வரப்பு மாதிரி புடைத்திருக்கும். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். விட்டால் வண்டு வெளிவந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விடும்.

இப்போது அந்தப் பலகையில் எழுத இடமில்லை. விடுதி விளம்பரம், மனை விற்பனை, பிறந்தநாள் வாழ்த்து. காப்பி பூக்க வைக்கும் பூ மழை எவ்வளவு பெய்தது என்று ஒரு பெரியவர் எழுதினார். சாயங்காலமே அதன்மேல் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

விடுதி நடத்துவதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். காப்பியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதபோது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி, எதிர்ச் சுவரில் அவர்களுக்கென்று தனிப் பலகை மாட்டலாம். செலவில் பாதியைத் தோட்டக்காரர்கள் நாங்களே தருகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி வண்டு பறக்கும். அதற்குள் பழைய பலகையைத் துடைத்து எங்களுக்கு விட ஊர்ப் பெரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சிறு காப்பி விவசாயி,
ஏற்காடு.