வடிவியல் பத்தாம் வகுப்போடு முடிகிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில் கல்லூரிக் கணிதம் பற்றிய கட்டுரையில், வடிவியல் பத்தாம் வகுப்போடு முடிகிற விஷயம், பட்டப்படிப்பில் அது பழைய சுமை என்று ஒரு வரி வந்திருந்தது. விஷயம் தெரிந்த நீங்கள் அதை எப்படி அச்சேற விட்டீர்கள் என்று மனம் ஆறவில்லை.

நெல்லையில் பல காலம் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் எடுத்தவன் நான். முதலாண்டுப் பிள்ளைகள் கோளத்தின் சமன்பாட்டை மடமடவென்று எழுதுவார்கள். "தளம் கோளத்தை வெட்டினால் என்ன கிடைக்கும், வரைந்து காட்டு" என்றால் பேனா நின்றுவிடும். மூன்று வரிசை அணிக்கோவையை (எண்களைச் சதுரமாக அடுக்கி ஒரே மதிப்பு காணும் முறை) விரித்து விடை காண்பார்கள். கூட்டல், கழித்தல் குறியை விட்டுப் பார்த்தால் அது ஓர் இணைகரத் திண்மத்தின், அதாவது சாய்ந்த பெட்டி போன்ற வடிவத்தின், கனஅளவு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பிள்ளைகள் மேல் என்ன தப்பு? நான் வேலை பார்த்த இடத்திலேயே வடிவியலைக் குறுக்கிக் குறுக்கி, கடைசியில் வேறொரு தாளின் ஓரத்தில் ஒட்டிவிட்டார்கள். எதிர்த்துப் பேசினேன்; எடுபடவில்லை.

பத்தமடைப் பாயைச் சுருட்டலாம். குடத்தின் மேல் சுருக்கமில்லாமல் படியவைக்க முடியாது. ஏன் என்பதற்கான தேற்றத்தை ஜெர்மானியக் கணிதர் காஸ் 1827-ல் தந்தார்: நீட்டாமல் சுருக்காமல் வளைத்தால் ஒரு பரப்பின் உள்ளார்ந்த வளைவு மாறாது. 1854-ல் இன்னொரு ஜெர்மானியக் கணிதரான ரீமான், வளைவு பற்றிய அந்தச் சிந்தனையை எத்தனை பரிமாணத்துக்கும் கொண்டுபோனார். 1915-ல் ஐன்ஸ்டைனுக்கு ஈர்ப்பை விளக்கக் கைகொடுத்ததும் அந்த வடிவியல்தான். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதையா பழைய சுமை என்பது?

காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி உலகம் அறிந்த கணிதரானது, சமன்பாடுகள் தரும் வடிவங்களை ஆராயும் இயற்கணித வடிவியலால். 2020-ல் அவர் மறைந்தபோது உங்கள் இதழில் நாலு வரிதான் வந்தது. அப்போதே வருத்தப்பட்டு எழுதினேன், கடிதம் வெளியாகவில்லை. சரி, போகட்டும். ஆனால் நீங்கள் வெளியிடும் மாதிரி வினாத்தாள்களில் வடிவியல் படங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கி, எது ஏ, எது பி என்றே தெரியாமல் வருகின்றனவே, அதையாவது கவனிக்கக் கூடாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். மாணவர் பகுதியில் வாரம் ஒரு வடிவியல் கணக்குக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள்; படத்தைப் பெரிதாகப் போடுங்கள். கணக்குகளை நானே எழுதி, படமும் வரைந்து அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை