கேமரா அணைந்தால் அன்றைக்கே தெரிய வேண்டும்: ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பொருள்: ஊர்ப் பொதுக் கண்காணிப்பு கேமராக்கள் துண்டிக்கப்பட்டால் உடனே தகவல் வர ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். இங்கே பெரிய வீடுகள் பலவும் பூட்டித்தான் கிடக்கின்றன, உரியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு படைப்பு (முன்னோருக்குப் படையல் போடுவது), கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் வந்து திறப்பார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்பில் ஆள் படுத்திருந்தாலும் பின்னால் நடப்பது காதில் விழாது. அதனால்தான் ஊரார் வசூல் போட்டு 16 கேமரா மாட்டினோம்.

ஊருக்காக இதை எழுதும் என்னுடைய அப்பா பார்த்துக்கொள்ளும் வீட்டில் பின்வாசலை உடைத்து வெண்கலப் பாத்திரங்களையும் ஒரு பர்மா தேக்குக் கதவையும் எடுத்துப் போய்விட்டார்கள். கேமரா இருக்கிறதே என்று தைரியமாகப் போய்ப் பார்த்தால், திரையில் 15 கட்டத்தில் படம் ஓடுகிறது, பின்தெருக் கட்டம் மட்டும் கறுப்பு. கம்பத்தில் ஏறிப் பார்த்தபோது அடாப்டர் கருகி, அதன் மேல் குளவி கூடு கட்டியிருந்தது. கடைசிப் படம் 19 நாளுக்கு முந்தையது. கேமராப் படங்களைப் பதியும் பெட்டியான ரெக்கார்டர் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது, தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். அப்பா அன்று இரவு சாப்பிடவே இல்லை, வீட்டு ஆச்சிக்குப் போனில் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இதற்குப் புதுக் கேமரா தேவையில்லை ஐயா. இப்போது வரும் ரெக்கார்டர்கள் பெரும்பாலானவற்றில் படம் நின்றாலோ, ஹார்டு டிஸ்க் கெட்டாலோ, யாராவது லென்ஸை மறைத்தாலோ போனுக்கோ மின்னஞ்சலுக்கோ தகவல் அனுப்பும் வசதி உண்டு, செட்டிங்கில் போய் அதை ஆன் செய்து எண்களைக் கொடுத்தால் போதும். ஆனால் அது மட்டும் போதாது. கரண்ட் போய் ரெக்கார்டரே அணைந்தாலோ, இணைய வயரை அறுத்துவிட்டாலோ, அது எப்படித் தகவல் அனுப்பும்? ஆகவே வெளியே, தாலுகா அளவிலோ மாவட்ட அளவிலோ இருக்கும் ஒரு கணினி ஒவ்வொரு ஊர் ரெக்கார்டரையும் சில நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறாயா" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதைத்தான் பிங் என்கிறார்கள். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் எஸ்எம்எஸ் போக வேண்டும். ஒரு முறை தவறியதற்கே அனுப்பினால், கரண்ட் வந்து வந்து போகும் எங்கள் ஊரில் நாள் முழுக்க மெசேஜ் வந்து, கடைசியில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ரெக்கார்டர் அனுப்பும் தகவலும் அந்த எஸ்எம்எஸ்ஸும் ரோந்துக் காவலர், ஊராட்சிச் செயலாளர், ஊர்க்காரர் ஒருவர் என மூன்று பேருக்கும் போகட்டும், ஒருவர் கவனிக்காவிட்டாலும் இன்னொருவர் கேட்பார். அப்புறம், ஒரு கேமரா மட்டும் நின்றால், எந்தக் கேமரா என்று நம்பரோடு தெருப் பெயரும் ரெக்கார்டர் அனுப்பும் தகவலில் வர வேண்டும், வெறுமனே "கேமரா 11" என்றால் எங்களுக்கே புரியாது. ரெக்கார்டருக்கும் இணைய மோடத்துக்கும் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும், அதை ஊரே வாங்கித் தருகிறோம். பழுது என்று தகவல் வந்தால் இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தாங்கள் ஒரு கெடு வைத்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி உத்தரவிட வேண்டும்.

அடுத்த கல்யாண சீசன் முடிந்து வீடுகள் மறுபடி பூட்டப்படுவதற்குள் இதைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். செட்டிங் செய்யும் நாளில் ஏணி பிடிக்கவும் கம்பம் ஏறவும் எங்கள் பையன்கள் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்