டிரையர்ல வந்த எரர் கோடுக்கு அர்த்தம் சொல்ல 80 வெள்ளியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என்.எஸ் (தேசிய சேவை) பண்ற பையன் இருக்கிற வீட்டு அம்மாங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். சனிக்கிழமை கேம்ப்லேருந்து புக் அவுட், ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப புக் இன், நடுவுல இருக்கிற ஒன்றரை நாள்ல பேகு நெறைய வந்த நம்பர் ஃபோர் யூனிஃபார்ம் ரெண்டு செட்டையும் மண்ணும் வேர்வையும் போகத் தொவைச்சு, காய வச்சு, மடிச்சுக் குடுத்துடணும். மத்த மாசமா இருந்தா மூங்கில் கழியில மாட்டி வெளிய நீட்டிட்டா சாயங்காலத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். டிசம்பர், ஜனவரி மழையில அது நடக்காது. அந்தத் துணி தடிமன், பாக்கெட்டு அடியிலயும் கைமடிப்புலயும் ஈரம் நின்னுக்கிட்டே இருக்கும், அப்புறம் ஒரு வாடை வரும் பாருங்க. அதுக்காகத்தான் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஹீட் பம்ப் டிரையர் வாங்கினோம்.

ஜனவரியில ஒரு சனிக்கிழமை, துணி போட்டு இருபது நிமிஷம்கூட ஆகல, மெஷின் பீப் பீப்னு கத்திட்டு நின்னுடுச்சு. டிஸ்ப்ளேல 'இ'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்துல ரெண்டு நம்பர், கூடவே தண்ணி டேங்க் படம் மினுக் மினுக்குன்னு எரியுது. டேங்க்க இழுத்துப் பாத்தா உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா பத்து நிமிஷம் ஓடும், திரும்ப அதே கோடு. ஹால்ல உக்காந்திருந்த மாமியார், "கரண்டு பில்லு கட்டலயா, அதான் எழுதிக் காட்டுதோ"ன்னு கேட்டாங்க. சிரிக்கிற நிலமையில நான் இல்ல.

மெனுவலத் தேடி எடுத்தா முக்காவாசி கோடுக்கு ஒரே பதில்தான், சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணுங்க. பண்ணினேன். வியாழக்கிழமைதான் ஆள் வருவாராம், வந்து பாக்கவே 80 வெள்ளி, பார்ட்ஸ் மாத்தினா அது தனி. சரிங்க, அந்தக் கோடுக்கு அர்த்தம் மட்டும் சொல்லுங்களேன்னு கேட்டதுக்கு, "டெக்னிஷியன் வந்து சொல்லுவாரு மேடம்"னுட்டாங்க. பையன் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஈரச் சட்டைய அயர்ன் பண்ணியே காய வச்சு, ஆவி பறக்கப் பறக்க பேகுல வச்சுக்கிட்டு கெளம்பினான்.

வியாழக்கிழமை வந்தவரு ஜோகூர்லேருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வர்ற தமிழ்த் தம்பி. அவரு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, நல்ல புள்ள. மெஷின் கீழ இருக்கிற சின்ன மூடியத் தொறந்து டார்ச் அடிச்சு, "அக்கா, இங்க குனிஞ்சு பாருங்க"ன்னாரு. ஏர்கான்ல மெல்லிசா அலுமினியத் தகடு அடுக்கடுக்கா இருக்கும்ல, அதே மாதிரி ஒண்ணு, அது மேல சாம்பல் கலர்ல கம்பளி போத்தின மாதிரி பஞ்சு. நெண்டி எடுத்தா தோசைக்கல்லுல ஒட்டுன மாவு மாதிரி ஏடு ஏடா வருது, அதுல பச்சை நூல்கூடத் தெரிஞ்சது. அப்புறம் அடியில தண்ணி எறங்குற குழியில ஒரு சின்ன மிதவை, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பஞ்சு சுத்திக்கிட்டு மேலயே மாட்டி நிக்குது. மிதவை மேல நின்னா தண்ணி நெறஞ்சிடுச்சுன்னு மெஷின் நெனச்சுக்கும், அதான் காலி டேங்க்குக்கு அந்தக் கூச்சல். துடைச்சு எடுத்தாரு, கீழ எறங்குச்சு, கோடு போயிடுச்சு. மொத்தம் பதினஞ்சு நிமிஷம், பார்ட்ஸ் எதுவும் மாத்தல. 80 வெள்ளி.

அவருதான் வெவரமாச் சொன்னாரு. ஹீட் பம்ப் டிரையர்ங்கறது ஏர்கான் வேலைதான், சூடான பக்கமும் குளுந்த பக்கமும் ஒரே டப்பாக்குள்ள இருக்கு. சூடான பக்கத்துல காத்து சூடாகி டிரம்முக்குள்ள போயி துணியில இருக்கிற ஈரத்த எடுத்துக்கிட்டு வரும், குளுந்த தகட்டுல பட்டதும் ஐஸ் கோப்பி கிளாஸுக்கு வெளிய முத்து முத்தா கோக்குமே அந்த மாதிரி தண்ணியாயி கீழ குழியில சேரும், அங்கேருந்து குட்டி மோட்டார் மேல டேங்க்குக்குத் தள்ளும். காத்து வெளிய போறதில்ல, உள்ளேயே சுத்திச் சுத்தி வருது. அதனால ஃபில்டர்ல தப்பிக்கிற பஞ்சு போயி உக்கார்ற எடம் அந்த ஈரமான தகடுதான். நான் என்னடான்னா மூணு வருஷமா கதவுகிட்ட இருக்கிற ஃபில்டர மட்டும் தட்டிட்டு சுத்தமா வச்சிருக்கேன்னு பெருமை பேசிக்கிட்டிருந்தேன்.

அந்த ஃபில்டர்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பாக்க சுத்தமா இருந்தாலும் சாஃப்ட்னர் படிஞ்சு வலைக்கண்ணு அடைச்சிருக்கும், குழாயடியில காட்டுனா தண்ணி நேரா எறங்காம மேலயே தேங்கி நிக்கும். எங்க வீட்டுது அப்படியே நின்னுச்சு! பாத்திரம் கழுவுற சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேச்சு, நல்லாக் காய வச்சு மாட்டினா முன்ன ரெண்டரை மணி நேரம் எடுத்த துணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள காயுது. அதே மாதிரி டிரம்முக்குள்ள வாசல் ஓரமா ரெண்டு வெள்ளிக் கலர் பட்டை இருக்கும், ஈரத்துணி அது ரெண்டையும் தொடும்போது கரண்டு லேசாப் பாயுறத வச்சுத்தான் இன்னும் ஈரம் இருக்கா இல்லயான்னு மெஷின் கண்டுபிடிக்குது. அதுல சாஃப்ட்னர் படிஞ்சா கோடே வராது, துணி ஈரமா இருக்கும்போதே முடிஞ்சிடுச்சுன்னு நின்னுடும். வினிகர் தொட்ட துணியால ஒரு தொடை தொடைச்சா போதும்.

இன்னொண்ணு, நம்ம வீவக (எச்.டி.பி) வீட்டு சர்வீஸ் யார்ட் எவ்வளவு சின்னதுன்னு சொல்ல வேண்டியதில்ல. மழைச்சாரல் அடிக்குதுன்னு சன்னலச் சாத்தி, சமையல் வாடை போகக் கூடாதுன்னு கதவையும் சாத்திட்டா உள்ள அடுப்பாங்கரைய விட வேக்காடு. நெறைய ஹீட் பம்ப் மெஷினுக்கு ரூம் சூடு 5லேருந்து 35 டிகிரிக்குள்ள இருக்கணும்னு மெனுவல்லயே போட்டிருக்கு. அதுக்கு மேல போனா மெஷினும் தெணறும். சுவத்துல இருக்கிற 13 ஆம்ப் பிளக்குல நேரா மாட்டணும், வாஷிங் மெஷினோட சேத்து ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகவே கூடாது. என்ன சுத்தம் பண்ணினாலும் மொதல்ல பிளக்கப் புடுங்கிடுங்க, பின்பக்கத் தகட்டக் கழட்டுற வேலைய மட்டும் வச்சுக்காதீங்க. தீஞ்ச வாடை வந்தாலோ, சுத்தம் பண்ணியும் அதே கோடு திரும்பி வந்தாலோ, அப்ப ஆளக் கூப்பிடுங்க, 80 வெள்ளி குடுத்தாலும் தப்பில்ல.

நான் எழுத வந்த விஷயம் இதுதான். 2009லேருந்து இங்க விக்கிற டிரையர்ல கரண்டு மிச்சம் பிடிக்கிறதுக்கு எத்தன டிக், கரண்டு எவ்வளவு ஆகும்னு ஸ்டிக்கர் ஒட்டியே ஆகணும்னு சட்டம் இருக்கு. அந்த ஸ்டிக்கர் பக்கத்துலயே இன்னொரு ஸ்டிக்கர், இந்தக் கோடு வந்தா டேங்க்கப் பாருங்க, இது வந்தா பஞ்ச எடுங்க, இது வந்தா எங்களக் கூப்பிடுங்கன்னு நாலு மொழியிலயும் போட்டா கம்பெனிக்கு என்ன செலவாயிடும்? ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு கோடு, ஒருத்தர் மெஷினுக்குச் சொன்னது இன்னொருத்தர் மெஷினுக்குப் பொருந்தாது, அதனால பக்கத்து வீட்டு மலாய் அக்காகிட்ட கேட்டும் பிரயோஜனம் இல்ல. 2012ல வந்த லெமன் லா, அதான் குறையுள்ள பொருள வித்தா கடைக்காரர் பொறுப்பேத்துக்கணும்ங்கற சட்டம், இருக்கேன்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா அது பொருள்லயே குறை இருந்தாத்தான், பஞ்சு அடைக்கிறது அதுல எங்க வரும். பெரியவங்க தனியா இருக்கிற வீட்டுல இந்தக் கோடு வந்தா மறு பேச்சில்லாம காசக் குடுத்துடுவாங்க, இல்லன்னா மெஷினே போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குவாங்க. வாங்குறப்ப கடையிலயாவது மூடியத் தொறந்து இந்தத் தகடக் காட்டணும், எனக்கு விக்கும்போது தவணையப் பத்தித்தான் அரை மணி நேரம் பேசினாங்க.

நான் இப்ப ஒரு அட்டையில தமிழ்ல எழுதி மெஷின் மேல ஒட்டி வச்சிருக்கேன், மாமியாரே கண்ணாடியப் போட்டுக்கிட்டு படிச்சு மாசத்துக்கு ஒரு தடவ அந்த மூடியத் தொறக்கச் சொல்லி நச்சரிக்கிறாங்க. வேற கோடு பாத்து, அதுக்கு அர்த்தமும் கண்டுபிடிச்ச வாசகர்கள் இதே பகுதிக்கு எழுதுங்க, அட்டையில இன்னும் எடம் இருக்கு.

இப்படிக்கு,
என்.எஸ் பையனோட அம்மா,
உட்லண்ட்ஸ்