ட்ரெயினிங்குக்குத் துணை நின்ன எல்லாருக்கும் மனசார நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பாலின வன்முறையில பாதிக்கப்பட்டு உதவி தேடி வர்றவங்ககிட்ட எப்படிப் பேசணும், எப்படித் துணையா இருக்கணும்னு எங்க ஆபீஸ் ஃப்ரண்ட் டெஸ்க் ஸ்டாஃபுக்கு நடந்த ட்ரெயினிங் நல்லபடியா முடிஞ்சுது. நேர்ல எல்லார்கிட்டயும் நன்றி சொல்லியாச்சு, ஆனா அது போதாதுன்னு தோணுது. நீங்க செஞ்சது என்னன்னு நாலு பேருக்குத் தெரியணும், அதான் இந்த மடல்.

முதல் நன்றி கவுன்சிலர் அக்காவுக்கு. வந்த உடனே கிளாஸ் எடுக்கல, ஒரு சேர்ல உக்காந்துகிட்டு "நான்தான் இப்ப உங்ககிட்ட உதவி கேட்டு வந்திருக்கேன், பேசுங்க"ன்னாங்க. எங்க சீனியர் அண்ணன் போய் எதிர்ல உக்காந்து, ஃபார்ம்ல இருக்கிற வரிசைப்படியே பேரு, வயசு, என்னைக்கு நடந்துச்சு, எத்தனை மணிக்கு, அப்பவே ஏன் வரலன்னு கேட்டுகிட்டே போறாரு, அக்கா வாயே திறக்கல, கைப்பை வாரை இறுக்கிப் பிடிச்சுகிட்டு குனிஞ்சே உக்காந்திருந்தாங்க, ரூமே கப்சிப்னு ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே பேனாவைக் கீழ வச்சுட்டு, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா? இப்ப வீட்டுக்குத் திரும்பிப் போனா உங்களுக்குப் பாதுகாப்பா இருக்குமா?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க. இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறமும் எல்லார் முன்னாடியும் முதல் ஆளா போய் உக்காந்தீங்களே அண்ணா, உங்களுக்கும் பெரிய நன்றி.

அடுத்தது டாக்டர் மேடமும் நர்ஸ் அக்காவும். ஒருத்தங்க நடந்ததைக் கோர்வையா சொல்லலன்னா பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல, அதிர்ச்சியில ஞாபகம் துண்டு துண்டாத்தான் வரும், சிலர் அழுவாங்க, சிலர் எந்த உணர்ச்சியும் இல்லாம சொல்வாங்க, சிலருக்கு அந்த நேரத்துல கத்தவோ ஓடவோ முடியாம உடம்பு அப்படியே உறைஞ்சு போயிருக்கும்னு அவ்வளவு பொறுமையா புரிய வச்சாங்க. பாலியல் தாக்குதல்னா எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், கர்ப்பம் தடுக்கிற அவசர மாத்திரை 5 நாளுக்குள்ள, அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதுன்னு சொன்னப்ப, கவுண்டர்ல சர்வசாதாரணமா வர்ற "நாளைக்கு வாங்க"ங்கிற வார்த்தை என்ன பாடுபடுத்தும்னு எல்லாருக்குமே உறைச்சுது.

ஷிஃப்டை மாத்திப் போட்டு எங்களை அனுப்பின மேனேஜர் மேடத்துக்கு நன்றி. வேலை நேரத்துல இதெல்லாம் தேவையான்னு கேட்டவங்களுக்கு அவங்க குடுத்த பதில் இதுதான்: உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி உலகத்துல கிட்டத்தட்ட மூணு பெண்கள்ல ஒருத்தங்க வாழ்நாள்ல ஒரு தடவையாவது உடல்ரீதியாவோ பாலியல்ரீதியாவோ வன்முறையை அனுபவிச்சிருக்காங்க, அப்ப நம்ம க்யூவுல தினமும் அவங்க நிக்கிறாங்க, நம்ம ஸ்டாஃப்லயும் இருப்பாங்க. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிறதுக்கான ஐநாவோட சீடா (CEDAW) கமிட்டி 2017ல குடுத்த 35வது பொதுப் பரிந்துரையிலயே இந்த மாதிரி ட்ரெயினிங் கட்டாயமா, திரும்பத் திரும்ப நடக்கணும்னு இருக்கு. ஒரு தடவை சர்ட்டிஃபிகேட் குடுத்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போறது ட்ரெயினிங்கே இல்லன்னுதான் நானும் நினைக்கிறேன்.

இப்ப சொல்லப்போறவங்க பேரை எழுத மாட்டேன். அந்தக் கொடுமையை எல்லாம் தாண்டி வந்து, எங்க முன்னாடி உக்காந்து பேசின சகோதரிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நாங்க கேட்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல, அது உங்க விருப்பம். ஆனா எங்க ஃபார்மையும் இடத்தையும் பார்த்துட்டு நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் தங்கம். போன் நம்பர் வாங்கும்போதே "இந்த நம்பருக்குக் கூப்பிட்டா உங்களுக்குப் பிரச்சனை வராதா, எந்த நேரத்துல கூப்பிடலாம்"னு கேட்கணும், வேற யாராவது எடுத்தா ஆபீஸ் பேரைச் சொல்லக்கூடாதுன்னு நீங்க சொல்லித்தான் ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டமே சேர்த்தோம். "ஏன் இன்னும் அந்த வீட்ல இருக்கீங்க"ன்னு யாரும் கேட்காதீங்க, விட்டுட்டு வெளிய வர்ற நேரம்தான் உயிருக்கே ரொம்ப ஆபத்தான நேரம், எப்பக் கிளம்பணும்னு அந்தப் பொண்ணுதான் முடிவு பண்ணணும்னு நீங்க அழுத்திச் சொன்னதை நாங்க மறக்கவே மாட்டோம்.

செக்யூரிட்டி அண்ணனுக்கும் க்ளீனிங் அக்காவுக்கும் தனியா நன்றி, ஏன்னா வாசல்ல தயங்கி நிக்கிறவங்களை முதல்ல பார்க்கிறது நீங்கதான். கூட வந்தவர் யாரா இருந்தாலும் "அவங்க ஃபார்ம் முடிச்சுட்டு வரட்டும், நீங்க இங்க உக்காருங்க"ன்னு சந்தேகம் வராம சொல்லி, அவங்களைத் தனியா பேச விடறதை எவ்வளவு அழகா பழகிக்கிட்டீங்க! மொழிபெயர்த்துக் குடுத்த தம்பி தங்கச்சிங்களுக்கும் நன்றி, கூட வந்த குழந்தையை வச்சு அம்மா கதையைக் கேட்கிற கொடுமை இனி எங்க ஆபீஸ்ல நடக்காது.

தங்குமிடம், சட்ட உதவி, ஆஸ்பத்திரின்னு எல்லா நம்பருக்கும் ஒவ்வொண்ணா கூப்பிட்டு, நிஜமாவே யாராவது எடுக்கிறாங்களான்னு பார்த்து லிஸ்ட் போட்டுக் குடுத்த நண்பருக்கும் நன்றி, இந்த லிஸ்டை மாசா மாசம் சரிபார்க்கிற பொறுப்பை நானே எடுத்துக்கிறேன். அடுத்த பேட்ச் நைட் ஷிஃப்ட் ஹெல்ப்லைன் ஆளுங்களுக்கு, கவுன்சிலர் அக்கா வர்றேன்னு சொல்லிட்டாங்க, முடிஞ்சவங்க மறுபடியும் கை குடுங்க.