சந்தாவும் வாக்கும்

அன்பு மகளுக்கு,

பிரதேச சபைத் தேர்தலுக்கு உன் பெயரைப் போடத் தோட்டத் தொழிற்சங்கத்தில் பேசுகிறார்கள், இலங்கை மலையகத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் ஐயா போன வழிதானே என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வழி எப்படி உண்டானது என்று பார்த்துவிட்டு முடிவெடு. படத்துக்கு மாலை போடுகிறவர்கள் பாதிதான் சொல்வார்கள்.

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் இந்தியாவில் பிறந்தவர். தகப்பனார் றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். முதலாளி மகன் தொழிலாளர் தலைவராவதா என்ற முணுமுணுப்பு கடைசிவரை இருந்தது. 1939இல் நேரு வந்த சமயம் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது, அடுத்த வருடம் அதன் தொழிற்சங்கம். 1947இல் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார். இதுவரை எந்தச் சங்கத் தலைவருக்கும் நடக்கக்கூடியதுதான்.

அதற்குப் பிறகு காலடி மண்ணையே எடுத்துவிட்டார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் வந்த இன்னொரு சட்டப்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க, கலியாணமானவர் 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்டவேண்டும். இந்தியாவில் ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியவருக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்கவேண்டாம் என்று பகிஷ்கரித்து, காலம் முடியும் தறுவாயில்தான் மனுப் போடச் சொன்னது. என் கணிப்பில் அது பெரிய தவறு. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுப் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. வாக்குரிமையும் 1949லேயே போயிற்று. 1952 சத்தியாக்கிரகம் அதைத் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு 1977 வரை தொண்டமான் தேர்தலில் வென்று உள்ளே போகவில்லை. 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகப் போனார், அதுவும் எதிரெதிரான இரண்டு கட்சிகளின் ஆட்சியில். வாக்கில்லாத சனத்தின் தலைவரைக் கொழும்பு ஏன் கூப்பிட்டது? தேயிலை, ஏழு எட்டு நாளைக்கு ஒரு சுற்று கொழுந்து எடுக்கவேண்டிய பயிர். ஒரு சுற்று தவறினால் இலை முற்றி நார் விழும், நல்ல தூள் வராது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு அந்தச் செடியில் இருந்த காலம். மலையை ஒரு வாரம் நிறுத்த முடிந்தவர் கையில் வாக்குப் பெட்டி இல்லாவிட்டாலும் சந்தாப் புத்தகம் இருந்தது.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது ஆளாகத் தெரிவானார். 1978இல் மந்திரி. பெரிய தோட்டங்கள் எல்லாம் 1975க்குப் பின் அரசாங்கத்தின் கையில், ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்கள் நடத்தின. அமைச்சரவையில் உட்கார்ந்துகொண்டே அந்த அரசாங்கத் தோட்டங்களில் 1984இல் வேலைநிறுத்தம் நடத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கினார். 1986 தைப்பொங்கலில் தொடங்கியது பிரார்த்தனை இயக்கம்: காலையில் கோயில், மத்தியானத்துக்குப் பிறகுதான் மலையில் வேலை. வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாம், சாமி கும்பிடுவதை எப்படித் தடுப்பது? கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். அந்த ஆண்டே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் நிறைவேறியது.

ஆனால் மந்திரிப் பதவிக்கு விலை உண்டு. சம்பளம் கேட்கிறவரும் கொடுக்கிற அரசாங்கத்தில் இருப்பவரும் ஒரே ஆள் என்றால், எங்கே விட்டுக்கொடுத்தார் என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. அவருக்குப் பின் தலைமை பேரனிடம் போனதும் உனக்குத் தெரிந்ததே.

இனி உன் விஷயம். ஏழு பேர் கையெழுத்திருந்தால் சங்கம் பதியலாம், அது லேசு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தத்தின்படி, ஆட்களில் 40 வீதத்தை வைத்திருக்கும் சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த நிர்வாகம் மறுக்க முடியாது. அந்த 40 எப்படிக் குறையும் தெரியுமா? வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவரின் விசாரணைக்குத் தொழில் திணைக்களத்தில் நம் ஆள் வராத நாளில். அவர் மட்டும் போகமாட்டார், அவருடைய லயமே அடுத்த சங்கத்தின் படிவத்தில் கையெழுத்து வைக்கும். சம்பளத்தில் சந்தா கழிபடுவதால் அது உனக்கு உடனே தெரியாது. தோட்டத்திலிருந்து மாதச் சந்தாப் பட்டியல் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே வேட்புமனுவுக்கு முன் மூன்று காரியம் முடித்துவிடு. முறைப்பாட்டுப் புத்தகத்தை யாரிடம் கொடுக்கிறாய் என்று தோட்டக் கமிட்டியில் எழுத்தில் வை. நிலுவையில் உள்ள விசாரணைத் திகதிகளை அந்த ஆளின் பெயருக்கு மாற்று. மாதர் சங்கத் தலைவியைக் கலந்துகொள்ளாமல் ஒப்புக்கொள்ளாதே. கொழுந்து மலையில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்கள் சரி என்று சொல்லாத வேட்பாளருக்கு லயத்தில் ஒரு கதவும் திறக்காது.

பதிலை இந்த மாதப் பட்டியல் வந்த பிறகு எழுது. எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா